டிவியோடு இணைத்த கணினிக்கு டச்பேட் உள்ள வயர்லெஸ் கீபோர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

சோபாவில் உட்கார்ந்தபடியே டிவியில் இணைத்த கணினியை இயக்க எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இணைப்பு வகையைப் பாருங்கள். புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் விண்டோஸ் திறந்த பிறகுதான் வேலை செய்யும். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் திறக்கும் முன் வரும் கணினியின் அமைப்புத் திரைக்குள், போக வேண்டிய நாளில் கைவிட்டுவிடும். யூஎஸ்பி ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

லாஜிடெக் கே400 பிளஸ் எனக்குப் பிடித்த உதாரணம். டச்பேட் வலப்பக்கம், இடது கிளிக்குக்கு இடது மேல் மூலையிலும் ஒரு பட்டன். இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் கர்சரை நகர்த்தி, இடது கட்டைவிரலால் கிளிக் செய்யலாம். மடியில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. 2 ஏஏ பேட்டரி போதும். ஆனால் எழுத்துகளுக்கு அடியில் விளக்கு கிடையாது. விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர் என்றால் யோசியுங்கள்.

அப்புறம், கர்சர் திக்கித் திக்கி நகர்ந்தால் உடனே கீபோர்டைக் குறை சொல்லாதீர்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ இரைச்சலை உண்டாக்கி, ரிசீவருக்கு வரும் சிக்னலைக் கெடுக்கும். 2012இல் இன்டெல் நிறுவனமே இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி, டிவிக்கு முன்பக்கமாகக் கொண்டுவந்து வையுங்கள்.