‘க்ளெய்ம்’ என்று எழுதினால் வாடிக்கையாளர் ஏன் கோபிக்கிறார்?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை எனக்கு. எல்லா மின்னஞ்சலிலும் ‘சொன்னார்’ என்பதற்கு ‘ஸெட்’, ‘டோல்ட்’ என்றே வருகிறது என மேலாளர் குறைபட்டார். இணையத்தில் ஒத்த சொற்களின் பட்டியலை எடுத்து மாற்றி மாற்றி எழுதினேன். பெட்டிகள் சேதமாகி வந்ததாகப் புகார் செய்தவருக்கு ‘ஆஸ் யூ க்ளெய்ம்ட்’ என்று எழுதப்போக, ‘நான் பொய் சொல்கிறேனா?’ என்று கோபமாகப் பதில் வந்துவிட்டது. எந்தச் சொல்லை எங்கே போடுவது?

பதில்: அவர் கோபித்தது நியாயம்தான். ‘சேதமாகிவிட்டது என்று நீங்கள் சொல்லிக்கொள்கிறீர்கள்’ என்று தமிழில் எழுதினால் எப்படிச் சுடும்? அவர் அதைத்தான் படித்திருக்கிறார். நம் ஊரில் இந்தச் சொல் இன்சூரன்ஸ் வழியாகவே பழக்கம். ஆஸ்பத்திரிச் செலவை க்ளெய்ம் செய்கிறோம், அதில் குத்தல் ஏதுமில்லை. பணமோ உரிமையோ கேட்கும்போது அது சாதுவான சொல். ஆனால் ‘க்ளெய்ம்ட் தட்’ என்று ஒருவரின் பேச்சை அதில் ஏற்றினால், ‘அவர் அப்படிச் சொல்கிறார், ஆதாரம் இன்னும் வரவில்லை’ என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்ளும்.

ஒத்த சொற்கள் ஒன்றுக்கொன்று ஈடு ஆகாது என்பது தமிழருக்குப் பழைய செய்தி. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்களே. ஆனால் ‘ஈ’ தாழ்ந்தவன் கேட்பது, ‘தா’ சமமானவன் கேட்பது, ‘கொடு’ உயர்ந்தவன் கேட்பது என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘சொல்’ வினைகளையும் அப்படிப் பிரித்தே பழக வேண்டும். எழுதுகிற நீங்கள் அந்தப் பேச்சை நம்புகிறீர்களா, இல்லையா? வினை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘பாயின்ட் அவுட்’ என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிறது. நஷ்டஈடு இன்னும் முடிவாகாத கடிதத்தில் இதைப் போடுவது, க்ளெய்முக்கு நேர் எதிரான ஆபத்து. ‘அட்மிட்’ என்றால், சொன்னவருக்குச் சங்கடமான ஒன்றை ஒப்புக்கொண்டார் என்று பொருள். வாடிக்கையாளரைப் பற்றி அப்படி எழுதவே வேண்டாம். ‘இன்சிஸ்ட்’ எதிர்ப்பையும் மீறி அடித்துச் சொல்வது. நம்பிக்கை, சந்தேகம் எந்தப் பக்கமும் சாயாதவை ‘ஸே’, ‘டெல்’, ‘மென்ஷன்’, ‘ரிப்போர்ட்’. ‘ஸ்டேட்’டும் சாயாது, ஆனால் விறைப்பானது, ஒப்பந்தம், வாக்குமூலம் போன்றவற்றுக்குப் பொருந்தும்.

இன்னொரு சிக்கல் கேட்பவரைப் பற்றியது. நாம் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ‘மேலாளர் சொன்னார்’ என்று யாரிடம் என்பதை விட்டுவிட்டுத் தமிழில் நிறுத்தலாம். அதே பழக்கத்தில் ‘ஹீ டோல்ட் தட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘டெல்’லுக்குப் பின்னால் கேட்ட ஆள் உடனே வந்தாக வேண்டும்: ‘ஹீ டோல்ட் மீ தட்’. உண்மை, பொய், கதை, நேரம் போன்ற சிலவற்றைச் சொல்லும்போது மட்டும் ஆள் இல்லாமலும் நிற்கும். ‘ஸே’ அதற்கு மாறு. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ‘டு’ வேண்டும். ‘ஹீ ஸெட் மீ’ தவறு.

‘மேலாளருக்குத் தெரிவித்தேன்’ என்பதில் உள்ள ‘க்கு’ நம் கையைப் பிடித்து ‘இன்ஃபார்ம்ட் டு த மேனேஜர்’ என்று எழுத வைக்கிறது. ‘இன்ஃபார்ம்’ ஆளை நேராகவே தொடும், ‘டு’ வேண்டாம். ஆனால் ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘சஜஸ்ட்’ இரண்டுக்கும் ‘டு’ தேவை. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’, ‘சஜஸ்ட் மீ’ என்பதை நம் அலுவலகங்களில் தினமும் பார்க்கலாம், இரண்டுமே பிழை. ‘பற்றி’ என்ற நினைப்பில் ‘மென்ஷன்’, ‘டிஸ்கஸ்’ இரண்டின் பின்னாலும் ‘அபவுட்’ சேர்க்கிறோம், அதையும் எடுத்துவிடுங்கள். நம் அலுவலகக் கடிதங்களில் வரும் ‘கைண்ட்லி இன்டிமேட்’டை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். அங்கே அந்த வினைக்கு ‘ஜாடையாக உணர்த்துவது’ என்ற பொருளே பழக்கம். ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ’ போதும்.

மேலாளரின் குறைக்கும் வருகிறேன். ‘ஸெட்’ திரும்பத் திரும்ப வருவது அவருக்கு உறுத்துகிறது. ஆனால் ஆங்கிலம் படிப்பவர் கண்ணில் அது அவ்வளவாகப் படாது. ஆங்கிலப் பத்திரிகைச் செய்திகளில் ஒரே பக்கத்தில் அது பல முறை வரும். அலங்காரத்துக்காக மாற்றாதீர்கள். பொருள் மாறும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்: காரணம் விளக்கினால் ‘எக்ஸ்ப்ளெயின்ட்’, உறுதி செய்தால் ‘கன்ஃபர்ம்ட்’, போகிறபோக்கில் தொட்டால் ‘மென்ஷன்ட்’.

உங்கள் கடிதத்தில் ‘ஆஸ் யூ க்ளெய்ம்ட்’ இருந்த இடத்தில் ‘ஆஸ் யூ ரிப்போர்ட்டட்’ என்று இருந்திருக்க வேண்டும். புகார் வந்தது என்பதை அது பதிவு செய்யும். உங்கள் தரப்பில் எதையும் ஒப்புக்கொள்ளாது, அவரைச் சந்தேகிக்கவும் செய்யாது. முதலில் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: அந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்திவிட்டேன், உங்கள் பேச்சைச் சந்தேகிக்கும் நோக்கம் எனக்கில்லை, மன்னிக்கவும். நஷ்டஈட்டு விவகாரத்தை இதில் கலக்காமல் தனிக் கடிதமாக அனுப்புங்கள்.