அரண்மனைக் காதல்: அப்பா எப்போது மனம் மாறுவார்?

கேள்வி: பிரிட்டிஷ் அரச குடும்பத்தை மாதிரியாக வைத்து, 20,000 சொற்களில் கிறிஸ்துமஸ் காதல் குறுநாவல் எழுதுகிறேன். காதலால் பிரிந்த மன்னரும் மகனும் கடைசியில் சேர்கிறார்கள். படித்தவர்கள், ‘நம்ப முடியவில்லை’ என்கிறார்கள். ஏன்?

பதில்: சமாதானம் முழுவதையும் கடைசி அத்தியாயத்தில் கொட்டியிருப்பீர்கள். பிணக்கின் காரணம் முதல் 2,000 சொற்களுக்குள் தெரிய வேண்டும். ‘கௌரவம்’ என்று பொதுவாகச் சொன்னால் நிற்காது. சட்டமே உங்களுக்குக் கைகொடுக்கும். 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வாரிசு வரிசையின் முதல் 6 பேர் மன்னரின் ஒப்புதலோடுதான் மணக்க வேண்டும். மீறினாலும் திருமணம் செல்லும். ஆனால் மீறியவருக்கும் அந்தத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அரியணை உரிமை போய்விடும். ஒப்புதல், மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலில் அறிவிக்கப்பட்டு, பதிவேட்டில் ஏறும். அருமையான காட்சி அது, விட்டுவிடாதீர்கள்!

அரச குடும்பம் கிறிஸ்துமஸ் கொண்டாடும் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் டிசம்பர் 24 மாலையே பரிசுகளைப் பிரிப்பது வழக்கம். மறுநாள் காலை ஆலயத்துக்கு நடந்து போவார்கள். மாலையில் மகன் தந்த பொட்டலத்தை அப்பா பிரிக்காமல் ஒதுக்கட்டும். காலையில், பின்தங்கி வரும் மகனுக்காக நடையைத் தளர்த்தட்டும். வசனமே வேண்டாம்.

நாயகி நடுவில் நின்று அறிவுரை சொல்லும் பக்கங்களை வெட்டிவிடுங்கள். அப்பாவும் மகனும் ஆளுக்கொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒப்புதல் 17,000 சொற்கள் வாக்கில் வரட்டும். மீதியில் திருமணத்துக்கு 1,000 போதும். மற்றதெல்லாம் இருவரும் மறுபடி பேசிப் பழகுவதற்கு.