சிஏ 125 அதிகமாக வந்தால் உடனே பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 46. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் 'முழு உடல் புற்றுநோய் பேக்கேஜ்' என்று ரத்தம் எடுத்தார்கள். அதில் சிஏ 125 மட்டும் 52 என்று வந்திருக்கிறது. 35க்குள் இருக்க வேண்டுமாம். ரத்தம் எடுத்த அன்று அம்மாவுக்கு மாதவிலக்கு மூன்றாம் நாள். இரண்டு வருஷமாக உதிரப்போக்கு அதிகம். போன வருஷம் எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி என்றார்கள். முகாம் நடத்தியவர் தினமும் போன் செய்து, "சினைப்பைப் புற்றுநோயாக இருக்கலாம், இந்த வாரத்துக்குள் பெட் ஸ்கேன் எடுத்தால் பாதி விலை" என்கிறார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது? (வாசகி, நாமக்கல் மாவட்டம்)

பதில்: பெட் ஸ்கேன் (கதிரியக்கச் சர்க்கரையை உடலில் ஏற்றி எடுக்கும் படம்) இப்போது வேண்டாம். முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: மாதவிலக்கு மூன்றாம் நாளில், நார்க்கட்டி உள்ள ஒரு பெண்ணுக்கு சிஏ 125 அளவு 52 வருவது சாதாரணமாக நடப்பதுதான். இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லை விற்பதற்காகச் சொல்கிறார்.

சிஏ 125 ஒரு புரதம். சினைப்பைப் புற்றுநோய் மட்டும் அதைச் சுரப்பதில்லை. வயிற்றின் உள்சவ்வு, கர்ப்பப்பையின் உள்சவ்வு, நுரையீரலைச் சுற்றியுள்ள உறை என எதில் எரிச்சல் ஏற்பட்டாலும் ரத்தத்தில் அது கூடும். மாதவிலக்கு, கர்ப்பம், நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது), கல்லீரல் சுருக்கம், வயிற்றுக் காசநோய் எல்லாமே இதை ஏற்றும். வயிற்றுக் காசநோயில் சில நூறுகளுக்கும் போகும். 35 என்ற கோடே ஆரோக்கியமான பெண்களில் நூற்றுக்கு ஒருவர் அதைத் தாண்டியிருப்பார் என்ற கணக்கில் போட்டதுதான். இன்னொரு பக்கம், ஆரம்ப நிலை சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏறுவதே இல்லை. அதனால் 20 என்று வந்திருந்தாலும் நிம்மதிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற இரண்டு லட்சம் பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் சிஏ 125, இன்னொரு பிரிவுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன், மூன்றாவது பிரிவுக்கு எந்தச் சோதனையும் இல்லை என்று பார்த்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2021இல் வெளியான முடிவு: சோதனை இல்லாத பிரிவோடு ஒப்பிட்டால், சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை சோதனை செய்த எந்தப் பிரிவிலும் குறையவில்லை. அவ்வளவு கவனமாகச் செய்தும் பலிக்காத ஒன்றைத்தான் இங்கே மண்டபத்தில் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே யாருக்கும் இந்த டெஸ்ட்டை எடுக்கலாம். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வந்தால் விளக்க ஆள் இல்லை, அடுத்த ஸ்கேனுக்கு ஆள் பிடிக்க மட்டும் ஆள் இருக்கிறது. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவர்களுக்கு 2002 முதல் விதியே இருக்கிறது. முகாம் ஏஜெண்ட்டை அந்த விதி தொடுவதில்லை, தொட வேண்டியவர்களும் அசைவதில்லை.

பெட் ஸ்கேன் ஏன் வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. அதில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையைப் புற்றுநோய் மட்டும் உறிஞ்சுவதில்லை. மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் பெண்ணின் சினைப்பையும் கர்ப்பப்பையின் உள்சவ்வும் மாதத்தின் சில நாட்களில் இயல்பாகவே அதை உறிஞ்சி ஒளிரும். நார்க்கட்டியும் ஒளிரலாம். 'உறிஞ்சுதல் உள்ளது, புற்றுநோயை ஒதுக்க முடியாது' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். அதன்பின் உங்கள் அம்மாவின் பயத்தை யாராலும் இறக்க முடியாது. புற்றுநோய் என்று உறுதியானபின், எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கும்போது அது நல்ல கருவி. இந்தக் கட்டத்தில் இல்லை.

செய்ய வேண்டியது இது. மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து, மகப்பேறு மருத்துவரிடம் காட்டி உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) எடுங்கள். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதைவிட அதில் சினைப்பை தெளிவாகத் தெரியும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். விரல் தடிமன் கருவிக்கு உறை போட்டுத்தான் உள்ளே வைப்பார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மா கூச்சப்பட்டால் பெண் நர்ஸ் கூடவே நிற்க வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிஏ 125ஐ நாலு முதல் ஆறு வாரம் கழித்து, மாதவிலக்கு இல்லாத நாளில், அதே லேபில் திரும்ப எடுங்கள். லேப் மாறினால் கருவியும் மாறும். எண் பத்து பதினைந்து கூடினாலும் குறைந்தாலும் அர்த்தம் சொல்ல முடியாது.

ஸ்கேனில் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: நீர்க்கட்டிக்குள் பல அறைகள், கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவிய தடயம். சினைப்பையில் கட்டி தெரிந்தால் மருத்துவர்கள் ஒரு பெருக்கல் போடுவார்கள். இந்த ஐந்தில் ஒன்றும் இல்லை என்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 3. மாதவிலக்கு வருபவருக்கு 1, நின்றவருக்கு 3. இவற்றை சிஏ 125 எண்ணோடு பெருக்கி 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு ஸ்கேன் சுத்தமாக இருந்தால் 52ஐ 0ஆல் பெருக்க விடை 0. இரண்டு அடையாளம் இருந்தால்கூட 156தான்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவும் தைரியமாக இருந்துவிடுவார். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இதே 52 வேறு விஷயம். அவருக்கு மாதவிலக்கும் இல்லை, நார்க்கட்டியும் சுருங்கியிருக்கும். எண் ஏற ஆபத்தில்லாத காரணங்கள் குறைந்துவிடுகின்றன. கணக்கைப் பாருங்கள்: இரண்டு அடையாளத்தோடு 52 என்றால் 52, 3, 3 பெருக்கி 468. அவர் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு வருஷமாக மாதவிலக்கு வரவில்லை என்றால் நின்றதாகக் கணக்கு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள்தான் குழம்புகிறார்கள். நம் ஊரில் முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். 'எல்லாம் எடுத்தாச்சு' என்றுதான் அவர்களிடம் சொல்லியிருப்பார்கள். சினைப்பையையும் எடுத்தார்களா என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். விட்டுவைத்திருந்தால் அதில் புற்றுநோய் வரலாம். இப்படிப்பட்டவர் 50 வயதைத் தாண்டிவிட்டால் மாதவிலக்கு நின்றவராகவே கணக்கிட்டு 3 போட வேண்டும்.

சந்தேகமான சினைப்பைக் கட்டி என்று சொல்லி யாராவது ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். உறைக்குள் அடங்கியிருக்கும் புற்றுநோய் ஊசி வழியே வயிற்றுக்குள் சிந்திவிட்டால், முதல் நிலைக்குள்ளேயே அது அடுத்த உட்பிரிவுக்குப் போய்விடும், கூடுதலாக கீமோ தேவைப்படலாம்.

இப்போது, அந்த பேக்கேஜில் யாரும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். 46 வயதில் இரண்டு வருஷமாக உதிரப்போக்கு அதிகம் என்கிறீர்கள். என் கவலை 52ஐவிட இதில்தான். 45 வயதைத் தாண்டியவருக்கு இப்படிப் போனால் நார்க்கட்டி மீது பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சிறிது எடுத்து பயாப்சி (நுண்ணோக்கியில் வைத்துச் சோதிப்பது) பார்க்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயால், மயக்க மருந்து இல்லாமல், புறநோயாளி அறையிலேயே எடுக்கலாம். கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதிசெய்வார்கள். எடுத்தபின் ஒரு நாள் மாதவிலக்கு வலி போல இருக்கும், லேசாக ரத்தம் படும். காய்ச்சலோ துர்நாற்றமான கசிவோ வந்தால் அன்றே திரும்பிப் போங்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், இவ்வளவு உதிரப்போக்குக்கு அது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அம்மா சரியாகச் சாப்பிடாததற்குப் பயம் மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

புற்றுநோயை முன்கூட்டிப் பிடிக்க உண்மையிலேயே பலன் தந்த பரிசோதனை நம் பக்கத்திலேயே நிரூபிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயது வரையிலான 31,000க்கும் மேற்பட்ட பெண்களின் கர்ப்பப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். 2007இல் முடிவு வந்தது: கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. மூன்று முதல் ஐந்து சதவீத அமிலம், ஒரு நிமிடக் காத்திருப்பு, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று வெளிச்சத்தில் பார்ப்பது, அவ்வளவுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்கிறார்கள். 30 வயதுக்கு மேல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, மார்பகத்தையும் வாயையும் அதே நாளில் பார்ப்பார்கள். மாதவிலக்கு நாளில் போகாதீர்கள். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று பொருள் இல்லை, ஆனால் ஜி.எச்.சுக்கு கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) எழுதித் தருவார்கள். பெண்களைத் தவறவிடும் இடம் அதுதான்: தேதி தள்ளிப்போகும், மெஷின் ரிப்பேர் என்பார்கள், வரவில்லையே என்று யாரும் போன் செய்து கேட்கமாட்டார்கள். முகாம் ஏஜெண்ட் தினமும் போன் செய்கிறார். அரசு ஒரு தடவை செய்தால் போதும், பல பெண்கள் பிழைப்பார்கள். அதுவரை நீங்களே சீட்டை வைத்துக்கொண்டு விடாமல் போய்க் கேளுங்கள்.

இரண்டாவது சிஏ 125 குறைந்தோ அதே அளவிலோ வந்து, ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் மேலும் அதை எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள்; நார்க்கட்டி இருக்கும்வரை அது 40, 50இல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கலாம். இரட்டிப்பாகியிருந்தால் மருத்துவரிடம் போங்கள். மாதத்தில் 12 நாளுக்கு மேல் வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்புவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்று புதிதாக வந்தால் எண்ணைப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். அம்மாவின் அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். போகும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட், முகாம் ரிப்போர்ட், கடந்த மூன்று மாதவிலக்குத் தேதிகள், நாளொன்றுக்கு எத்தனை நாப்கின் மாற்றினார் என்ற கணக்கு, இவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.