பத்திரம் தொலைந்தால் பதிவு தொலையாது

கேள்வி: அக்கா, அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். அவர் பெயரில் ஒரு மலிவு வீடு இருக்கிறது. பெயர் மாற்றப் போனால், பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புப் பத்திரமும் வேண்டும் என்று பெஜபாட் தானாவில் (நில அலுவலகத்தில்) சொல்கிறார்கள். நான் 1967-இல் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து வீட்டைக் காலி செய்த சமயத்தில் என் பத்திரம் எங்கேயோ போய்விட்டது, நகல்கூட இல்லை. தம்பியின் பத்திரம் இருக்கிறது, ஆனால் அதில் அப்பா பெயரின் எழுத்து வேறாக இருக்கிறது. இதற்கிடையில் ஒருவர், "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, 600 ரிங்கிட் கொடு, எடுத்துத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
— லாரி ஓட்டுநர், பெஸ்தாரி ஜெயா

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. அந்த மனிதர் ரசீது தருவாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் பக்கமே வர மாட்டார்.

தொலைந்தது உங்கள் வீட்டில் இருந்த தாள். பதிவேடு தேசியப் பதிவு இலாகாவிடம் இருக்கிறது. உங்கள் பிறப்பு அதில் ஏறியிருந்தால், அதிலிருந்து எடுத்து முத்திரையோடு தருவார்கள். கவுண்டரில் 'சாபுத்தான்' (பதிவேட்டுப் பிரதி) என்று கேளுங்கள். ஐசியோடு (அடையாள அட்டையோடு) நீங்களே நேரில் போய்க் கேட்கலாம். உங்களுக்குக் கோலசிலாங்கூர் கிளை பக்கம். இங்கே பிறந்து இப்போது ஜொகூரில் இருப்பவர்கள் இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை, அங்கே உள்ள கிளையிலேயே விண்ணப்பிக்கலாம்.

பாரம் (படிவம்) நிரப்புவது சுலபம். தேடுவதுதான் சிரமம். உங்கள் வயதுக்காரர்களின் பதிவு கையால் எழுதப்பட்டது. நீங்கள் கொடுக்கும் விவரமும் அன்றைக்கு எழுதினவர் காதில் விழுந்ததும் ஒத்துப்போனால்தான் சீக்கிரம் கிடைக்கும். நான் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பத்திரங்களைப் புரட்டியே கண் பூத்துப்போனது. லெட்சுமி என்ற ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் பார்த்திருக்கிறேன். நடுவில் 'டி' போட்டவர், போடாதவர், கடைசியில் 'ஐ' வைத்தவர், 'வொய்' வைத்தவர். சில வீடுகளில் அக்காவுக்கு ஒரு அப்பா பெயர், தங்கைக்கு இன்னொரு அப்பா பெயர். ஆள் ஒரே ஆள்தான்.

அதனால் கவுண்டருக்குப் போவதற்கு முன் வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதலில் நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பிறப்புப் பத்திர எண் இருக்கலாம். அந்த எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தோட்டப் பள்ளியை மூடிவிட்டார்களா? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு மாறினார்களோ அங்கே விசாரியுங்கள். பிறகு அண்ணன், அக்கா, தம்பி பத்திரங்களை மேசையில் பரப்பி வைத்து, அப்பா அம்மா பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவின் பழைய ஐசி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007-இல்தான் வந்தது. 1967-இல் இது பத்தாங் பெர்ஜுந்தை, பாரத்தில் அதையே எழுதுங்கள். தோட்டம் கைமாறிப் பெயர் மாறியிருந்தால், நீங்கள் பிறந்தபோது என்ன பெயரோ அதுதான் வேண்டும். தெலுக் இந்தான் பக்கத்து வாசகர்களுக்கும் இதே கதைதான். 1982-க்கு முன் பிறந்தவர்கள் தெலுக் ஆன்சன் என்று தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதே இல்லை. நீங்கள் தலைப்பிள்ளையா? தலைப்பிரசவத்துக்கு அம்மா அவருடைய தாய்வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருப்பார். பதிவும் அங்கேதான் நடந்திருக்கும். வளர்ந்த தோட்டத்தைப் பிறந்த தோட்டம் என்று எழுதிவிட்டு, "பதிவு இல்லையாம்" என்று முகம் வாடித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் மைகார்டு (இப்போதைய ஐசி) எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு எண் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். 10 என்றால் சிலாங்கூர், 08 என்றால் பேரா. அங்கே 08 இருந்தால் பெரியம்மாவுக்கோ மாமாவுக்கோ ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிறப்புகள் பல பக்கத்து பாலாயில்தான் (போலீஸ் நிலையத்தில்) பதிவாகின. எந்த பாலாய் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஒரு முறை 'தியாடா ரெக்கோட்' (பதிவு இல்லை) என்று சொன்னார்கள் என்பதற்காகத் தாமதப் பதிவு பாரத்தை வாங்கிவிடாதீர்கள். அது வேறு பாதை, நீளமான பாதை. வேறு எழுத்தில், வேறு ஊரில் இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் தம்பியின் விஷயம். பத்திரத்தில் எழுத்து வேறாக இருந்தால் எல்லாரும் முதலில் அதைத் திருத்தத்தான் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அப்பாவின் ஐசி, வீட்டுப் பத்திரம், இறப்புப் பத்திரம் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்து தம்பியுடையது மட்டும் வேறாக இருந்தால், "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன" என்று ஒரு சத்தியப் பிரமாணம் போதுமா என்று பெஜபாட் தானா அதிகாரியிடமே கேளுங்கள். 1960-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னால் கையெழுத்துப் போடுவது அது. பொய் சொன்னால் குற்றம், அதனால் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பதிவேட்டையே திருத்தத்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், 1957-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் அதற்கும் வழி உண்டு. பெற்றோர் இல்லாவிட்டால், உண்மை தெரிந்த நம்பத்தகுந்த இருவர் பிரமாணம் கொடுக்கலாம். அப்பாவோடு வேலை செய்த மண்டோர் (தோட்டக் கண்காணி) யாராவது நல்லபடியாக இருக்கிறாரா? இப்போதே போய்ப் பார்த்துப் பேசி வையுங்கள்.

பத்திரம் கிடைத்ததும் அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: என் அம்மா 1960-இல் பேராவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இன்னும் சிவப்பு ஐசிதான் (நிரந்தரவாசி அட்டை). மலாய் மொழித் தேர்வு எழுதினால்தான் குடியுரிமை என்று யாரோ சொன்னதால் பயந்துபோய் விண்ணப்பிக்கவே இல்லை. பிறப்புப் பத்திரமும் கையில் இல்லை.
— மகள், சுங்கை சிப்புட்

பதில்: மகளே, உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் அந்த 1960-தான். மெர்டேக்கா (சுதந்திர) நாளான 31 ஆகஸ்ட் 1957 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை கூட்டரசில் (மலாயாவில்) பிறந்தவர்கள், அபூர்வமான சில விலக்குகள் தவிர, சட்டத்தாலேயே குடிமக்கள். அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும் அப்படித்தான் சொல்கின்றன. அப்பா அம்மாவுக்கு எந்த நிற ஐசி என்று அங்கே கேள்வி இல்லை. 1962 அக்டோபர் முதல் பிறந்தவர்களுக்குத்தான், பெற்றோரின் நிலையைப் பொறுத்த நிபந்தனைகள் வருகின்றன. மலாய் மொழித் தகுதி என்பது 19-ஆவது பிரிவு போன்றவற்றின் கீழ் குடியுரிமை கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு. உங்கள் அம்மாவை முதலிலேயே அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

ஆனால் இங்கே பிறந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் சாபுத்தான்தான் முதல் வேலை, மேலே தம்பிக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு விவரம் தெரிந்தவர்களோடு உட்காருங்கள். டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்ற தொண்டு அமைப்பு இந்தக் குடியுரிமைச் சிக்கல்களையே எடுத்துச் செய்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைத் தனியாகக் கவுண்டருக்கு அனுப்பாதீர்கள். அவரிடம் ஏதாவது ஒரு பாரத்தை நீட்டினால் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.

கேள்வி: பேரப்பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை லேமினேட் செய்யலாமா?
— பாட்டி, ரெங்கம்

பதில்: வேண்டாம் பாட்டி. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லேமினேட் செய்த பத்திரத்துக்குள் ஈரம் இறங்கினால் மை கலங்கிவிடும், உரித்தால் தாளும் சேர்ந்து வரும். நகல் எடுத்து மகளிடம் ஒன்று, மருமகனிடம் ஒன்று கொடுத்து வையுங்கள். அசல் பீரோவில் இருக்கட்டும். சாமி அறையில் வேண்டாம், அங்கே விளக்கு எரிகிறது.