நின்ற இயந்திரத்தைத் தின்னும் உப்பு

கேள்வி: கலப்பு உர ஆலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். யூரியா, டி.ஏ.பி. (டைஅமோனியம் பாஸ்பேட்), பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) ஆகியவற்றைக் கலந்து குருணையாக்குகிறோம். உரத்தை மேலே தூக்கிச் செல்லும் எலிவேட்டரின் பக்கெட்டுகளும் போல்ட்டுகளும் ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றியும் ஊசித் துளைகள் விழுகின்றன. எங்கே தவறுகிறோம்?

பதில்: தேர்ந்தெடுத்த உலோகத்தை மட்டும் குறைசொல்ல வேண்டாம், ஆலை நிற்கும் நேரங்களைக் கவனியுங்கள். உலர்ந்த உரத்தூள் இரும்பை அவ்வளவாகத் தொடுவதில்லை; ஈரத்தை உறிஞ்சிக் கசிந்த பிறகே அது அரிக்கத் தொடங்குகிறது. 30 டிகிரி செல்சியஸில் காற்றின் ஈரப்பதம் சுமார் 70 சதவீதத்தைத் தாண்டினால்தான் தனி யூரியா நீர்த்துப்போகும். பொட்டாஷுக்கு 80-க்கும் மேல் வேண்டும். இரண்டும் கலந்துவிட்டாலோ சுமார் 60 சதவீதமே போதும். பகலில் சூடாக ஓடிய இயந்திரம் இரவில் நின்று குளிரும்போது, போல்ட் தலையின் அடியில் இறுகிக் கிடக்கும் தூள் விடிவதற்குள் பிசுபிசுத்துவிடுகிறது. காலையில் அந்தப் படிவை விரல் நகத்தால் பெயர்த்துப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். பொட்டாஷிலுள்ள குளோரைடு அதை ஆங்காங்கே உடைக்க, படிவின் அடியில் ஆக்சிஜன் எட்டாததால் படலம் மீண்டும் உருவாவதில்லை. தோலிருக்கச் சுளை விழுங்கியதுபோல வெளியே பளபளப்பு இருக்க, உள்ளே துளை ஆழமாகிக்கொண்டே போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாலிப்டினம் கலந்த 316 ரகம், அது கலக்காத சாதாரண 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும், அதுவும் படிவுக்கு அடியில் பாதுகாப்பானதன்று. பக்கெட்டின் விளிம்பிலோ தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது: குருணைகள் துருவைச் சுரண்டி எடுக்க, புதிய உலோகம் வெளிப்பட்டு மறுபடியும் துருப்பிடிக்கிறது.

ஆகவே, நிறுத்துமுன் எலிவேட்டரைச் சரக்கில்லாமல் ஓடவிட்டு, மூலைகளில் ஒட்டியதைச் சுரண்டி எடுங்கள். நீரால் கழுவுவதென்றால் முழுமையாகக் கழுவி, வெப்பக் காற்றால் உலர்த்துங்கள். அரைகுறையாகத் தண்ணீர் தெளிப்பதைவிடத் தொடாமல் விடுவது மேல். பக்கெட்டுகளைப் பாலிஎத்திலீனுக்கு மாற்றுவது நல்ல யோசனை. துத்தநாகப் பூச்சை அமோனியம் உப்புகள் விரைவில் கரைத்துவிடும் என்பதால் அதை நம்பாதீர்கள். என்றைக்காவது அமோனியம் நைட்ரேட் கையாள நேர்ந்தால், பாகங்களுக்கு எண்ணெய் பூசிக் காக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் கலந்த நைட்ரேட் வெடிக்கும் அபாயம் உண்டு. யூரியாவுடன் அதைக் கலப்பதும் ஆகாது. அந்தக் கலவை 18 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும்.

கேள்வி: யூரியா தயாரிக்கும் உலைகளுக்குள் காற்றைச் செலுத்துவது எதற்காக?

பதில்: மேலே சொன்ன அதே படலத்துக்காகத்தான். அமோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து உருவாகும் அமோனியம் கார்பமேட், ஏறத்தாழ 180 டிகிரி வெப்பத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே கரைத்துவிடும் அளவுக்குக் கடுமையானது. கார்பன் டை ஆக்சைடுடன் சிறிதளவு காற்றைக் கலந்து அனுப்பினால், அதிலுள்ள ஆக்சிஜன் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று தடைபட்டால் அரிப்பு வேகமெடுக்கும் என்பதால், அதன் அளவைக் காட்டும் கருவியை அழுத்தமானிக்கு நிகரான அக்கறையோடு கவனிக்க வேண்டும்.