கிரெசி முதல் காஸ்தியோன் வரை: தோல்விகளில் பிரான்ஸ் கற்றது என்ன? கேள்வி பதில்

கே: இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில், 1346இல் கிரெசியில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்க முதல் காரணம் எது?

ப: அவசரம். நாளெல்லாம் நடந்து வந்த படையை மாலையில் களத்தில் இறக்கினார்கள். பிரான்ஸ் கூலிக்கு அமர்த்திய ஜெனோவா குறுக்குவில் வீரர்களின் பெருங்கேடயங்கள் பின்னால் சாமான் வண்டிகளிலேயே கிடந்தன. குறுக்குவில்லில் மறுபடி நாணேற்ற நேரமாகும். அதுவரை கேடயம்தான் காப்பு. அவர்கள் பின்வாங்கியபோது சொந்தக் குதிரைப்படையே மிதித்துக்கொண்டு பாய்ந்தது.

கே: பாடம் கற்றார்களா?

ப: பாதிதான். அம்புக்கு முதலில் விழுவது குதிரை என்று புரிந்துகொண்டு, 1356இல் புவாத்தியேயில் பெரும்பாலோர் இறங்கி நடந்தே தாக்கினர். ஆனால் வேலிகளுக்குப் பின்னால் நின்ற எதிரியிடம் தனித்தனி அணிகளாகவே போனார்கள். மன்னர் இரண்டாம் ஜான் சிறைப்பட்டார்; மீட்புத்தொகை 30 லட்சம் பொற்காசு. அவருக்குப் பின் மன்னரான மகன் ஐந்தாம் சார்லஸ்தான் முழுப்பாடம் கற்றவர். பெரும்போரைத் தவிர்த்தார். மக்களும் தானியமும் மதிலுக்குள் போயின. எதிரியைப் பின்தொடர்ந்து, உணவு தேடிப் பிரிந்தவர்களை மட்டும் தாக்கினார்கள். 1373இல் கலேயிலிருந்து போர்தோ வரை போன ஆங்கிலப் படை, பெரும்போர் எதுவுமின்றியே குதிரைகளில் பெரும்பகுதியை இழந்தது.

கே: ஆங்கிலேயரின் நீள்வில் அம்பு இரும்புக் கவசத்தைத் துளைக்குமா?

ப: நல்ல மார்புத்தகட்டைத் துளைப்பது அரிது. மூட்டு இடுக்கு, முகத்திறப்பு, குதிரை ஆகியவற்றில்தான் ஆபத்து.

கே: பிறகு 1415இல் அஜின்கோர்ட்டில் ஆங்கிலேயர் எப்படி வென்றார்கள்?

ப: எந்தப் போரானாலும் முதலில் தரையைக் கேளுங்கள். இரவெல்லாம் மழை, உழுத வயல், இருபுறமும் காடு. கவசத்தோடு சேற்றில் நடந்த பிரெஞ்சு வீரர்கள் களைத்துப்போய்ச் சேர்ந்தார்கள். நெரிசலில் ஆயுதம் வீச இடமில்லை. பிரெஞ்சு வில்லாளிகளோ பின்வரிசையில் பயன்படாமல் நின்றனர்.

கே: ஒப்பமாட்டேன். வென்றது வில்தான்.

ப: அப்படியானால் அதே வில் பிறகு ஏன் தோற்றது? 1429இல் பத்தேயில் ஆங்கில வில்லாளிகள் குதிரைகளைத் தடுக்கும் கூர்முளைகளை நட்டு முடிக்குமுன் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்துவிட்டது. 1450இல் ஃபோர்மின்யியில் இரண்டே பிரெஞ்சுப் பீரங்கிகள் வில்லாளிகளை அரணிலிருந்து வெளியே வரவைத்தன. முளையும் வேலியும் சேறும் துணை நிற்காத வில்லாளி, குதிரைப்படைக்கு எளிதான இரை. மறுபடியும் சொல்கிறேன்: தரையைக் கேளுங்கள்.

கே: அம்பு கவசத்தைத் துளைக்குமா?

ப: மேலே பதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: மங்கோலியரின் பொய்ப் பின்வாங்கல் பற்றி?

ப: என் துறையல்ல. புல்வெளிப் போர்முறை படித்தவரிடம் கேளுங்கள்.

கே: பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸ் எதை மாற்றினார்?

ப: 1445இல் சம்பளம் பெறும் நிலைப்படை அமைத்தார்: 15 பிரிவுகள், பிரிவுக்கு 100 ஈட்டிக்குழுக்கள், குழுவுக்கு 6 பேர். 1448இல் 50 வீட்டுக்கு ஒரு வில்லாளி என்று ஏற்பாடு. 1453இல் காஸ்தியோனில் அவருடைய பீரங்கிப்படைத் தலைவர் ழான் பூரோ அகழி வெட்டிப் பீரங்கிகளை நிறுத்திக் காத்திருந்தார். முகாமிலிருந்து எழுந்த தூசியைப் பின்வாங்கல் என்று நம்பிய ஆங்கிலத் தளபதி டால்பட், தன் காலாட்படை முழுதும் வந்து சேருமுன்பே மோதி மடிந்தார்.