இத்தாலியச் சிவப்பு ஒயின் கலவைகள்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணா, கியாண்டி ஒரே திராட்சையா, கலவையா?

கலவைதான் தம்பி, தலைமை சாஞ்சோவேசே என்ற சிவப்புத் திராட்சைக்கு. கியாண்டி விளையும் தொஸ்கானா மாநிலத்தின் ஒயின் தயாரிப்பாளர் பெத்தினோ ரிக்காசோலி 1872இல் எழுதிய கடிதத்தில் காரணமே இருக்கிறது: மணமும் வீரியமும் சாஞ்சோவேசே தரும், கனாயோலோ என்ற இன்னொரு சிவப்புத் திராட்சை அதன் கடுமையைத் தணிக்கும், மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை சீக்கிரம் குடிக்கிற ஒயினுக்கு மட்டும். அந்த 'மட்டும்' பிறகு காணாமல் போனது. 1967 விதிகள் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கின, ஒயின் நீர்த்தது. ஒயின் செய்யும் அந்தினோரி குடும்பம் 1971 அறுவடையைத் தின்யானெல்லோ என்று கியாண்டிப் பெயர் இல்லாமலே விற்றது. 1975இலிருந்து அதில் வெள்ளையே இல்லை. கியாண்டியின் பழைய மையப் பகுதியான கியாண்டி கிளாசிக்கோவில் 2006 முதல் வெள்ளைக்குத் தடை. இன்று அங்கே சாஞ்சோவேசே குறைந்தது 80 சதவீதம்.

எதுவானாலும் 16–18 டிகிரியில் பரிமாறுங்கள். நம் ஊர் அறைச் சூட்டில் சாராய நெடிதான் முன்னே வரும்.

கேள்வி: அமரோனே ஒயின் ஏன் அவ்வளவு கனம்?

வெரோனா பக்கம் வல்போலிச்செல்லாவில் கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா திராட்சைகளைப் பறித்ததும் பிழியமாட்டார்கள். காற்றோட்டமான கூடங்களில் மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். நீர் வற்றச் சர்க்கரை திரளும். அது முழுக்கச் சாராயமாக நொதிப்பதால் குறைந்தது 14 சதவீதம். இதே திராட்சைகளை உலர்த்தாமல் செய்தால் செர்ரி மணத்தோடு, ஊர்ப் பெயரிலேயே வரும் லேசான வல்போலிச்செல்லா ஒயின்.

கேள்வி: கலவை என்றால் கலப்படம்தானே?

இல்லை. எந்தத் திராட்சை, எவ்வளவு என்று ஊர் விதியே எழுதி வைத்திருக்கிறது.

கேள்வி: ஆனால் புருனெல்லோ ஒயின் 100 சதவீதம் சாஞ்சோவேசே. அப்படியானால் தூய்மைதானே உயர்வு?

இதை ஒப்பமாட்டேன். புருனெல்லோ விளையும் மொந்தால்சீனோ, கியாண்டி மலைகளைவிட வெப்பமும் வறட்சியும் உள்ள இடம். அங்கே சாஞ்சோவேசே துணையில்லாமலே நன்றாகப் பழுக்கும். குளிர்ந்த கியாண்டி மேட்டில் அதன் புளிப்பையும் துவர்ப்பையும் தணிக்கத் துணை தேவைப்பட்டது. இரண்டும் மண்ணைப் படித்தவர்களின் முடிவு. 2008இல் புருனெல்லோவில் வேறு திராட்சை சேர்ந்ததாக விசாரணை வந்தது; அங்கே அது குற்றம், ஏனென்றால் விதி வேறு. 2011இல் அதே ஊரின் இளைய ஒயினான ரோஸோ தி மொந்தால்சீனோவிலாவது கலக்கலாமா என்ற கேள்வி வந்தபோதும் உற்பத்தியாளர்கள் வாக்களித்து மறுத்தார்கள். தங்கள் மண்ணுக்கு அது சரி. அதைக் கியாண்டிக்கு அளவுகோல் ஆக்காதீர்கள்.

கேள்வி: கலவை மட்டமா அண்ணா?

மேலே படியுங்கள்.

கேள்வி: வெயிலுக்கு ஏற்றது?

சிசிலியின் செராசுவோலோ தி வித்தோரியா. அதில் நெரோ தாவொலா திராட்சை கனம் தரும், ஃப்ரப்பாத்தோ திராட்சை மணம் தரும். இதை இன்னும் சற்றுக் குளிர வைத்துக் குடியுங்கள்.